அத்தை போட்ட ஸ்டால்

ஆம்பூரில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஸ்டால் என்றால் என்னவென்று சொல்லிவிடும். வருடத்துக்கு ஒருமுறை சென்னையில் தோல் பொருள் கண்காட்சி நடக்கும். எங்கள் ஊர்க் கம்பெனிகள் எல்லாம் அங்கே போய் வரிசையாக ஸ்டால் போடும். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அப்பா அத்தனை நாளும் டை கட்டிக்கொண்டு ஸ்டாலில் நின்றுவிட்டு, கால் வீங்கி வீடு திரும்புவார். ஆகவே ஒன்பது வயதில் அத்தையின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து என் காதில் விழுந்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கொஞ்சம் வந்து தொலைத்திருக்கலாம்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. பெங்களூரில் ஒரு ஆபீஸில் வேலை. சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். இரண்டே பேர் உட்காரும் குட்டி விமானம். உத்தியோகத்துக்காகவாவது படிக்கிறாளா என்றால் அதுவும் இல்லை, சொந்த ஆசைக்கு. ஒரு காருக்குக்கூட வழியில்லாத வீட்டில் விமானம் ஓட்டி எங்கே நிறுத்தப் போகிறாள் என்று உருதில் சித்தி என்கிற மாதிரி நாங்கள் காலா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் நிஜமான கவலையோடு அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை.

பெரியப்பாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு நல்ல மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, தங்கை எப்போது தரைக்கு வருவாள் என்று காத்திருந்தார். அப்பா மட்டும்தான் அத்தையின் பக்கம். அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

மாதம் ஒருமுறை அத்தை வீட்டுக்கு வருவாள். வந்ததும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இல்லாத கைப்பிடிகளைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருப்பாள். விமானத்தைக் கிளப்பும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலை நான் படிக்க வேண்டும். "மனப்பாடமாத் தெரிஞ்சாலும் வெரல் வெச்சுதான் படிக்கணும் பாப்பா" என்பாள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று முள் காட்டினாலும் நம்பாமல், ரெக்கைமேல் எட்டி மூடியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டுமாம். இவ்வளவு சந்தேகப்படுகிற ஆள் எப்படித் தைரியமாகப் பறக்க முடியும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்படி வந்திருந்த ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று யாரோ தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஸ்டால்தான்டி எனக்குப் பேஜாரு. போன வாரம் ஸ்டால்ல கையெல்லாம் நடுங்கிடுச்சு. வர்ற ஞாயித்துக்கெழம மறுபடியும் ஸ்டால். அது சரியா வந்தாத்தான் சோலோ." துணி எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். ஷூவின் அடிப்பாகத்துக்கு எங்கள் ஊரில் சோல் என்று பெயர். ஸ்டாலும் சோலும் சேர்ந்தால் என்ன வரும்? ஷூக் கடை வரும். ஐயோ பாவம், விமானம் என்று சொல்லிவிட்டு அத்தை எங்கேயோ கால் கடுக்க நின்று செருப்பு விற்கிறாள், கை நடுங்கும் அளவுக்கு அங்கே யாரோ திட்டுகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை பெங்களூருக்கு ரயிலேறிய பிறகு பொறுக்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கு உட்கார்ந்திருந்த பெரியப்பா காதில் அது விழுந்தது.

"இன்னா? ஸ்டாலா?"

அப்புறம் வீடு வீடாக இல்லை. ஸ்டாலில் நிற்கிறவள் அதை ஏன் மறைக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். மறைக்காமல் எப்படிச் சொல்வாள் என்று பெரியப்பா கேட்டார். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் என்றாள் அம்மா. போட்டால் உஷாராகிவிடுவாள் என்று பெரியப்பா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நேராப் போவோம். அவ தனியா ஓட்டறத என் கண்ணால பாத்துட்டா அப்புறம் நான் வாயத் தொறக்கல. இல்லன்னா அன்னிக்கே ராணிப்பேட்டைக்கு வாக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, பிரியாணியும் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும் பார்சல் கட்டிக்கொண்டு நால்வரும் போனோம். கம்பி வேலிக்கு உள்ளே நீளமான தார் ரோடு, ஒரு தகரக் கொட்டகை, வாசலில் ஒரு வாட்ச்மேன். அவர் எங்கள் பக்கத்துத் திருப்பத்தூர்க்காரர் என்பது பேச்சிலேயே ஒரே நிமிடத்தில் தெரிந்துபோயிற்று. பெரியப்பா அத்தையின் பெயரைச் சொல்லி, ஸ்டால் எங்கே என்று கேட்டார்.

"ஸ்டாலா? மேலங்க."

கொட்டகைக்கு மாடியே இல்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாட்ச்மேன் விரலை இன்னும் தூக்கினார். ஆகாயத்தில் தொலைவில் ஒரு சின்ன வெள்ளை விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. போகப் போகச் சத்தம் அடங்கியது. ஒரு கணம் அப்படியே நின்ற மாதிரி இருந்தது. பிறகு மூக்கு சடாரென்று கவிழ்ந்து விமானம் கீழே இறங்கியது.

அம்மா கத்தியே விட்டாள். பெரியப்பா வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் மட்டும் கொட்டாவி விட்டார். "இன்னாத்துக்கு பயப்படறீங்க? அதான் ஸ்டால். மூக்க ரொம்பத் தூக்கிட்டா ரெக்க தாங்காது, வுழுந்துடும். அப்போ மேல இழுக்கக் கூடாது. கீழ தள்ளணும். அப்பதான் ரெக்கயில காத்து ஏறி நிமுரும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் விமானம் நிமிர்ந்துவிட்டது. விழுகிறபோது இன்னும் கீழே தள்ளுவதா? செருப்புக் கடை எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

இறங்கி வந்த விமானத்திலிருந்து அத்தையும், கற்றுக்கொடுக்கும் கேப்டனும் குதித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்த அத்தை வேலிக்கு இந்தப் பக்கம் எங்களைப் பார்த்ததும் நின்றாள். பெரியப்பா விடவில்லை. "நீ ஸ்டால் போட்டு ஷூ விக்கறேன்னு பாப்பா சொல்லுச்சு, அதான் வந்தோம். செரி, ஓட்டறதானே? தனியா ஏறு, பாக்கலாம். இல்லன்னா ராணிப்பேட்டைதான்" என்று அங்கிருந்தே கத்தினார்.

இன்றைக்கு ஸ்டால் சுத்தமாக வந்தது, சோலோ, அதாவது தனியாக ஒரு சுற்றுப் போகலாம் என்று கேப்டனும் சொன்னார். அப்புறம் டாக்டர் கேட்பதைப் போல நிதானமாகக் கேட்டார். ராத்திரி தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாத்திரை ஏதாவது போட்டாயா, மனதில் ஏதாவது கவலை இருக்கிறதா. முதல் மூன்றுக்கும் அத்தை டக்டக்கென்று பதில் சொன்னாள். நாலாவதுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"இன்னிக்கு வேணாம் சார்."

கேப்டன் காரணம் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. சரி என்று தலையசைத்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். "பாத்தியா? பயந்துட்டா!" என்று பெரியப்பா தொடையைத் தட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. ஏறி ஒரே ஒரு சுற்று, அதைச் சுற்றிவிட்டால் ஜெயித்திருப்பாளே!

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "அண்ணா, தெனம் என் டேபிளுக்கு ஷூ வருது. பாஸ் போட எவனால வேணா முடியும். மொதலாளி தலைக்கு மேல நிக்கறப்போ ரிஜக்ட் போடறதுக்குத்தான் தில்லு வேணும். இவ நம்ம எல்லாரும் நிக்கறப்போ அவளயே ரிஜக்ட் பண்ணிக்கினா. இவ ஓட்டட்டும். ராணிப்பேட்டைப் பேச்ச இத்தோட வுட்டுடு."

அப்பா பெரியப்பாவை இப்படி நேருக்கு நேர் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. பெரியப்பாவும் பார்த்திருக்க மாட்டார். வேனில் ஏறி, பிரியாணியை யாரோடும் பேசாமல் தின்று முடித்தார். ராணிப்பேட்டைக்கு வாக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, வேலி ஓரத்தில் எங்களில் யாருமே இல்லாத ஒரு காலையில், அத்தை தனியாகப் பறந்து இறங்கிவிட்டு 'ஆயிடுச்சு' என்று அப்பாவுக்கு ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பினாள். ஓட்டமாட்டேன் என்றவளை ஓட்டட்டும் என்று சொன்ன அப்பாவின் கணக்கு எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் குழப்பவாதிகள் என்று விட்டுவிட்டேன்.

அதுகூடப் பிறகு விளங்கிற்று. இன்னொன்று விளங்கத்தான் ரொம்ப வருடம் ஆயிற்று. மனதில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேப்டன் கேட்டதும் அத்தை பதில் சொல்லாமல் வேலிப் பக்கம் திரும்பினாள். பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். அந்தக் கவலையை வேன் ஏற்றிக் கூட்டி வந்ததே நான்தான். இத்தனை பேர் வந்திருந்தும் அத்தைக்கு நான்தான் உசத்தி என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலியின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.