திருவிழாக் காலத்து றப்பர் மீன்கள்

நானும் அண்ணையும் வருடாவருடம் சேர்ந்து மீன் செய்தோம். சேர்ந்து மீன் பிடித்ததில்லை. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அண்ணைக்குக் கனடாவில் லீவு கிடைப்பது நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில்தான். எங்கள் வீடு கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறது. கொடியேறிவிட்டால் மீன் காய்ச்சும் மச்சச் சட்டிகளை எல்லாம் என் மனைவி உரப்பையில் கட்டிப் பின் கொட்டிலுக்கு அனுப்பிவிடுவாள். தீர்த்தத்துக்கும் பிறகு வரும் வைரவர் மடை முடியும்வரை எங்கள் வீட்டில் மீன் சமைப்பதுமில்லை, பிடிப்பதுமில்லை. அண்ணையோ தீர்த்தம் முடிந்த கையோடு விமானம் ஏறிவிடுவார்.

மற்ற மாதங்களில் நான் பண்ணைப் பாலத்தில் நின்று தூண்டில் எறிகிறவன். அண்ணை ஒருமுறை கொண்டுவந்து தந்த றப்பர் மீன்களோடுதான் இந்தப் பைத்தியம் எனக்குத் தொடங்கியது. தண்ணீருக்குள் வாலை ஆட்டிக்கொண்டு வரும் மிருதுவான பிளாஸ்டிக் பொய்மீன்கள் அவை. மூக்கில் தூண்டில் முள்ளைச் செருகி எறிந்தால் கொடுவா ஏமாந்து கவ்வும். ஆனால் பத்துத் தரம் எறிவதற்குள் ஏதாவதொன்று வாலைக் கடித்துக்கொண்டு போய்விடும். பிய்ந்தவற்றை ஒரு சாடியில் சேர்த்துவைப்பேன். அண்ணை வந்ததும் உருக்கிப் புதிதாக வார்ப்போம்.

பின்வளவில் காற்றுப் பார்த்து மண்ணெண்ணெய் அடுப்பை வைப்போம். குசினிப் பாத்திரம் எதையும் தொட அனுமதியில்லை. ஒரு பழைய பால்மாத் தகரப்பேணிதான் எங்கள் சட்டி. பிய்ந்த மீன்களைச் சின்னதாக வெட்டிப் போட்டு, மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகும், புகை கண்ணைக் கரிக்கும். அண்ணை பொறுமைசாலி. நான் அப்படியில்லை. பரிஸ் சாந்தில் செய்த அச்சு காயுமுன்பே ஒருமுறை உருகியதை ஊற்றிவிட்டேன். ஈரத்தில் பட்டதும் அது சீறித் தெறித்து என் சாரத்தில் ஓட்டை போட்டது.

"காயட்டும், பொறு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்றார் அண்ணை.

"நீங்கள் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை திருவிழாவே முடிஞ்சிடும்" என்றேன் நான்.

அச்சைப் பிரித்து அவர் புது மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போடுவதை என் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அத்தான், விரத வீட்டிலை உது சைவமோ மச்சமோ?" என்று அண்ணையைக் கேட்பாள்.

"பிறக்கேக்கை சைவம், பிள்ளை. வேலைக்குப் போனாப்பிறகுதான் மச்சம்."

அந்தப் பதிலை அவர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவளும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பாள். அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் மனம் இளகிப்போகிறது.

ஒரேயொரு முறை அண்ணை திருவிழா இல்லாத மாதத்தில் வந்தார். அது அம்மாவின் செத்தவீட்டுக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை வீட்டில் துடக்கு, மச்சம் ஆகாது. அது முடிந்த அடுத்த நாள் அவருடைய லீவும் முடிந்தது. நாங்கள் தூண்டில் தடியைப் பற்றிக் கதைக்கவுமில்லை.

இந்த வருடம் வந்தபோது அண்ணை நன்றாக மெலிந்திருந்தார். இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள். அதன்பிறகு இவ்வளவு தூரம் பறக்கக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. "இதுதான் கடைசி வரவு, தம்பி" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பின்னேரம், பண்ணைப் பாலத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன். ஆசுப்பத்திரி நாளை மாற்ற முடியாது என்றார். எனக்கு வந்த கோபத்தில் பேணியைக் காலால் எற்றிவிட்டேன்.

"முருகனுக்கு என்னிலை அப்பிடி என்ன கோபம்?"

மனைவி குசினி வாசலுக்கு வந்தாள். இன்றைக்கு எனக்கு நல்ல பூசைதான் என்று நினைத்தேன்.

"ஏன் இப்ப கத்துறியள்? முள்ளைக் கழட்டிப்போட்டு எறியுங்கோவன். மீனும் சாகாது, விரதமும் கெடாது."

அண்ணையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடமும் இரண்டு ஆம்பிளைகளுக்கு இது தோன்றவில்லை.

அன்று பின்னேரமே போனோம். தங்கூசி நூலை றப்பர் மீனின் மூக்கில் கோத்து, எட்டி விழுவதற்காகச் சின்ன ஈயக்குண்டு ஒன்றை மட்டும் கட்டினேன். பக்கத்தில் நின்ற பெடியன் குனிந்து பார்த்தான்.

"ஐயா, முள்ளுப் போட மறந்திட்டியள்."

"இல்லை ராசா, எங்கடை வீட்டிலை திருவிழா" என்றார் அண்ணை. அவன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

வெயில் தாழ்ந்து காற்று விழுந்த நேரத்தில் அண்ணையின் தடி வளைந்தது. றீல் கிறீச்சிட்டது. "டேய், பிடிச்சிட்டுதடா! பிடிச்சிட்டுது!" என்று அவர் கத்தினார். ஒருநாளும் என்னைப் பார்த்துக்கூடக் கத்தாத மனிதர். தடி நிமிரும்வரை நானும் கத்தினேன். சுருட்டி எடுத்தபோது றப்பர் மீன் வாலில்லாமல் வந்தது. கடித்தது கொடுவாவோ பேத்தையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அண்ணை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் வழமைபோல உருக்குவதற்குப் பிய்ந்தவற்றை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாலில்லாத மீனையும் கையில் எடுத்தேன். அண்ணை எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவனை விடு. அவன் என்னோடை வாறான்."

அதை வாங்கிச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்தேன். தேத்தண்ணியோடு வந்த மனைவி என்னவென்று கேட்டாள்.

"புகை. கண்ணைக் கரிக்குது" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"அடுப்பு இன்னும் பத்தவைக்கேல்லையே" என்றாள்.