போகும்போது பச்சை

தான் சிரமப்படாத ஒரு பாதையை, அடுத்தவருக்கு எளிது என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இந்தக் கேள்விக்கு மூட்டைக்காரர் ஒரு விடை வைத்திருந்தார். அந்த விடையின் எடை பதினெட்டு கிலோ.

நகராட்சியில் அவருக்குப் பாதைச் சோதனை வேலை. பள்ளத்தாக்கில் பேரிக்காய்த் தோட்டங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே போகும் சைக்கிள் பாதைகளை ஓட்டிப் பார்த்து, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்றவையா என்று சொல்ல வேண்டும். ஏற்றது என்றால் தொடக்கத்தில் பச்சைப் பலகை. இல்லையென்றால் சிவப்பு. அவருக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் எடைக்கு ஒரு சாக்கில் மணல் நிரப்பி, சைக்கிளின் பின்னால் குழந்தை இருக்கையில் உட்காரவைத்து, வாரைப் பூட்டிக்கொண்டு ஓட்டுவார். பாதையில் வரும் அனைவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது விதி. மூட்டைக்கும் ஒன்று மாட்டியிருந்தார்.

"உன் பையன் உன்ன மாதிரியே வாயத் திறக்க மாட்டேங்கிறான்" என்பார் அவருடைய அக்கா.

"ஐஸ்கிரீம் கேக்க மாட்டான்ல" என்பார் இவர்.

அவரைத் திறமைசாலி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கவனமானவர் என்று சொல்லலாம். பேருந்து நிலையத்தில் தொடங்கிப் பாதையின் கடைசிவரை ஓட்டுவார். நூறு அடிக்கு ஆறு அடிக்கு மேல் ஏறுகிறதா, ஜல்லியில் சக்கரம் வழுக்குகிறதா, நிழல் எங்கே, மூட்டை எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுவார். ஏழு கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் நிறம். பிறகு, அங்கே காத்திருக்கும் அலுவலக வேனில் சைக்கிளையும் மூட்டையையும் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வருவார். ஒன்பது வருடத்தில் ஐந்து பாதைகள். ஐந்தும் பச்சை.

ஆறாவது பாதை அவருடைய அக்காவின் திராட்சைத் தோட்டத்தில் போய் முடிந்தது. அக்கா கணவருக்கு முழங்கால் போனபிறகு தோட்ட வேலை பாதியாகக் குறைந்தது. பழம் அடுக்கும் கொட்டகையை அக்கா திராட்சைச்சாறு கடையாக மாற்றினார். பன்னிரண்டு நாற்காலி, ஒரு ஊஞ்சல், சைக்கிள் நிறுத்த இரும்புத் தாங்கி. வெளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் பச்சைப் பாதைகள் மட்டும்தான் இருக்கும். அதில் வராத கடைக்கு ஆள் வராது.

மூட்டைக்காரர் ஓட்டிப் பார்த்தார். அருமையான பாதை. கடைசியில் பேரித் தோட்டத்துக்குள் மிதிக்காமலேயே இறங்கி, அக்கா வீட்டுக் கேட்டில் போய் நின்றது. மூட்டை அசையவில்லை.

"பிரச்சினை இல்லக்கா. நாளைக்கு நிறத்த எழுதிடறேன்" என்றார்.

அக்கா அன்று சாயங்காலமே கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்.

மறுநாள் காலை, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார்.

"மூணாவது பாதையில பலகை வெச்சது யாரு?"

"நான்தாம்மா."

"போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வர வேணாமா? இதுங்க ரெண்டையும் வெச்சு அந்த மேட்டுல தள்ளிட்டு வந்தேன்."

"திரும்பி வரும்போது வேன்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எங்களுக்கு யாரு சார் வேன் அனுப்புறாங்க?"

அந்தப் பெண் போனபிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு டிரைவரிடம் இனி வேன் வேண்டாம் என்றார்.

"அப்ப எப்படி சார் திரும்பி வருவீங்க?"

"அதத்தான் பாக்கணும்."

ஒரு வாரம் எல்லாப் பாதைகளிலும் திரும்பி ஓட்டினார். நான்கு தேறின. மூன்றாவதற்குப் பலகையை மாற்றினார். ஆறாவதில், அக்கா வீட்டுக் கேட்டிலிருந்தே ஏற்றம் தொடங்கியது. நூற்றுக்கு ஒன்பது அடி. பாதியில் இறங்கித் தள்ளினார். பேரிமரத்தடியில் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படித்தார். தொடக்கத்திலிருந்து முடிவுவரை சோதிக்க வேண்டும் என்று இருந்தது. திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதிப்படி பச்சை.

மறுபடி இறங்கிப் போய் அக்காவிடம் சொன்னார்.

"விதியில இல்லாத சிவப்ப நீ எங்கேருந்துடா கொண்டு வர்ற?"

"ஏத்தத்துலேருந்துக்கா."

"ஒம்பது வருஷமா கண்ணுல படாதது, நான் கடை திறக்கும்போதுதான் படணுமா?"

நியாயமான கேள்வி.

"உனக்குப் புள்ளதான் இல்லைன்னு நெனச்சேன். இனிமே அக்காவும் இல்ல, போ" என்றார் அக்கா.

சோதனை முடியும்வரை என்று சொல்லி, பேருந்து நிலையத்தில் இரண்டு பலகைகளை நட்டார். போக, பச்சை. வர, சிவப்பு. வரைபடம் அச்சடிப்பவர் குழம்பிப்போய் பாதி பச்சையும் பாதி சிவப்புமாக ஒரு கோடு போட்டார். ஆட்கள் வந்தார்கள், ஆனால் அக்கா எதிர்பார்த்ததில் பாதிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, ஆட்கள் கிளம்பும் நேரத்தில், மூட்டைக்காரர் அந்தக் கேட்டின் முன் வந்து நின்றார். மூட்டையை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, கடையின் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். ஏற்றத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு அப்பாவிடம் போனார்.

"குழந்தைய இதுல உக்கார வைங்க. நீங்க சைக்கிள மட்டும் தள்ளிட்டு வாங்க."

"நீங்க யாரு சார்?"

"சோதனை. குழந்தை எத்தனை கிலோ? பதினெட்டுக்கு மேல ஏத்த மாட்டேன்."

அப்பாவுக்குத் தெரியவில்லை. அக்கா கடைக்குள்ளிருந்து வந்தார். குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துப்போய், திராட்சை நிறுக்கும் தராசில் நிற்கவைத்தார்.

"பதினேழரை" என்று மூட்டையைப் பார்த்துச் சொன்னார்.

பதினொரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. அக்கா தம்பியோடு மறுபடி பேசியது எந்த வருடம் என்று இருவருக்கும் நினைவில்லை. அதுவரை எல்லா எடையையும் மூட்டையிடம்தான் சொன்னார். கடை ஓடியது, நன்றாக ஓடியது என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் ஆறாவது பாதை சோதனையில் இருப்பதாகவே எழுதப்பட்டது. மூன்று மேலதிகாரிகள் கேட்டார்கள். "இன்னும் முடியல சார்" என்றார்.

ஓய்வு பெற்ற நாளில் மூன்றாமவர் அந்தப் பழைய படிவத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். ஆறு கட்டங்கள் நிரம்பியிருந்தன.

"பச்சையோ சிவப்போ, ஏதாவது ஒண்ணு எழுதிட்டு கையெழுத்து போட்டுருங்க. உங்களுக்கு அப்புறம் யாரும் கேக்கப்போறதில்ல."

மூட்டைக்காரர் பேனாவை வாங்கினார். ஆறு கட்டங்களையும் ஒருமுறை படித்தார். நிறத்துக்கான கட்டத்தில் எதுவும் எழுதாமல், கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.