இரண்டு வழியில் கட்டிய கம்பைலர்

நானும் என் கணவரும் பழகியது ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில். கியர்கள் சுழலும் சத்தத்தை அளக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது எங்கள் வேலை. அதற்கென்றே சொந்தமாக ஒரு சின்ன நிரல்மொழியை உருவாக்கினோம். மற்றவர்கள் சினிமாவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்து வரி முடிவில் அரைப்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போட்டோம்.

நாம் எழுதுவதைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். முதல் கம்பைலரை வேறொரு மொழியில் அவசரமாக எழுதினோம். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் மொழியிலேயே புதிதாக எழுதினோம். தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் கம்பைலர் என்பதில் எங்களுக்குத் தாங்கமுடியாத பெருமை.

கல்யாணமாகி, வேலை மாறி, எல்லாம் மறந்திருந்தோம். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் சின்னக் கியர் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மட்டும் எங்கள் மொழியை விடாமல் வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் அவருடைய கணினி புகைந்துபோனது. ஓடுகிற கம்பைலர் அதில் மட்டும்தான் இருந்தது. எழுதிய மூலநிரல் எங்களிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் அது எங்கள் மொழியில் அல்லவா இருக்கிறது?

"அப்போ உங்க கம்பைலரைக் கட்டறதுக்கு உங்க கம்பைலரே வேணுமா?" என்று நண்பர் போனில் கேட்டார். கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்.

வேறொரு மொழியில் தற்காலிகமாக ஒரு குட்டிக் கம்பைலர் எழுதி, அதை வைத்து அசலைக் கட்டவேண்டும். எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

"சி மொழிதான். எந்தக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும்" என்றார் என் கணவர்.

நான் பெங்களூரு அலுவலகத்தில் தினமும் எழுதும் புது மொழியைச் சொன்னேன். "சி-ல நீ பாதி நாள் தப்பைத்தான் தேடிட்டிருப்ப."

மாமியார் முன்னால் நான் அவரை 'நீங்க' என்பேன். தனியாக இருந்தால் 'நீ'. சண்டை முற்றினால் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார், நான் தெலுங்குக்கு. அன்று இரண்டு பேருமே போய்விட்டோம். கடைசியில், ஆளுக்கொன்று எழுதுவது என்று முடிவானது.

அவர் சாப்பாட்டு மேஜையில், நான் கட்டிலில். அறைக்கு அறை எட்டிப் பார்க்காமல் சில வாரங்கள் போயின. மாமியார் ஏதோ பெரிய மனஸ்தாபம் என்று நினைத்து, இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் புத்தி சொன்னார்.

என்னுடையது அசல் கம்பைலரை ஒரே மூச்சில் கட்டி முடித்தது. அவருடையதும் கட்டியது, ஆனால் அது கட்டிக்கொடுத்த கம்பைலர் ஓட ஆரம்பித்ததும் நின்றுபோனது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் டீ போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அதற்கப்புறம் எப்படிச் சும்மா இருப்பது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தப்பு அவருடைய குட்டிக் கம்பைலரில் இல்லை. அசலிலேயே இருந்தது. வரி எண்ணை வைத்துக்கொள்ளும் ஒரு மாறிக்கு, மதிப்பு கொடுப்பதற்கு முன்பே அதைப் படித்திருந்தோம். என் வழியில் அது தானாகவே பூஜ்யமாகிவிடும். அவர் வழியில் நினைவகத்தில் கிடந்த பழைய குப்பை எதுவோ அதுதான் மதிப்பு. பழைய கணினியில் இத்தனை நாள் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது.

"இந்த வரியை யார் எழுதினது?" என்றார்.

மாறிக்குப் பெயர் வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது, அவர்தான். "ரெண்டு பேரும்தான்" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

திருத்திய பிறகு இரண்டு வழியிலும் அசலைக் கட்டி, அந்தக் கம்பைலர்களைக் கொண்டே மறுபடியும் அசலைக் கட்டினோம். கடைசியாகக் கிடைத்த இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டபோது ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவர் நம்பாமல் இன்னொரு முறை ஒப்பிட்டார். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"பட்டறைக்காரருக்கு உன்னோட குட்டிக் கம்பைலரையே குடுத்துடலாம்" என்றேன்.

"ஒழுங்கா ஓடுனது உன்னோடதுதானே?"

"அதான் பிரச்சனை. தப்பை மூடி வெச்சுடுச்சு. உன்னோடது காட்டிக் குடுத்துச்சு. அவர் வாங்கின புது மெஷின்ல சி ஏற்கெனவே இருக்குது, புதுசா எதுவும் போடவேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை, வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்துப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். புதுக் கணினியில் மூலநிரலிலிருந்து எல்லாவற்றையும் கட்டி முடித்தோம். நண்பர் ஒரு கியரை மாட்டி இயந்திரத்தைப் போட்டார். திரையில் சத்தத்தின் அளவு கோடாக எழும்பியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து அடுத்த கியரை எடுக்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று, கூடை காலியாகும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.