மஃரிப் பாங்குக்குப் பிந்திய கோல்

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓ.எல். வரை படித்தவள். ஒரு கடிதம் எழுதவே நாலு தாள் கிழிப்பேன். உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் ஊர் மைதானத்துக்குள் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனால் சென்ற வாரம் ஒருவர் என்னைப் பார்த்து, "அதெல்லாம் எழுத்தில இரிக்கா ராத்தா?" என்று கேட்டுச் சிரித்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

கேற்றுக்குள் யாரோ ஒரு நோட்டீஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மைதானத்தில் கட்டிய புதுப் பார்வையாளர் மண்டபத்துக்கு மறுநாள் திறப்பு விழா. மேலே பெரிய மனிதர்களின் முகங்கள். கீழே, "எங்கள் கழகத்தின் பொற்காலம்" என்று பழைய படம் ஒன்று, கிண்ணத்தோடு எங்கள் அணி. ஒன்பதாம் இலக்கம் கொஞ்சம் சரிந்து நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அதைத் தைத்தவள் நான். பிறகுதான் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். கடைசியாக நிற்பவனின் தோளில் ஒரு கை இருக்கிறது. கைக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆளை வெட்டியவர்கள் கையை வெட்ட மறந்துவிட்டார்கள்.

அது ஜவாத் காக்காவின் கை. மூத்த ஆண்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றும், பெண்களை ராத்தா என்றும்தான் கூப்பிடுவோம்.

அந்தக் கையைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது தைல வாசம். சேறும் வியர்வையும் தைலமும் கலந்த அந்த ஜேர்சிக் கட்டின் வாசம். மைதானத்துக்கு எதிரே இருந்த தையல் வீட்டின் மேல்மாடியில் எனக்கு வேலை. கழகத்தின் ஜேர்சிகள் கிழிசல் தைக்க அங்கேதான் வரும். ஆட்டம் பார்க்கப் பெண்கள் போவதில்லை. ஜன்னலால் பாதி மைதானம் தெரியும், கோல் கம்பம் தெரியாது. மிச்சத்தைக் கிழிசலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஜவாத் காக்கா விளையாடிய காலத்தில் அவருடைய ஜேர்சி எப்போதும் முதுகில்தான் கிழிந்திருக்கும். இடப்பக்கக் கோட்டோடு பந்தைக் கொண்டு ஓடினால் முன்னுக்கு நின்று மறிக்க ஆளில்லை, பின்னால் பிடித்து இழுப்பதுதான் ஒரே வழி. ஒரு மாரிகாலச் சேற்றில் அவருடைய முழங்கால் போய்விட்டது. மீன் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதோடு அவர் கதை முடிந்தது என்று ஊர் சொன்னது. மூன்று மாதத்தில் நொண்டிக்கொண்டே வந்து, ஜேர்சிக் கட்டை என் மெசினுக்குப் பக்கத்தில் போட்டார். பயிற்றுவிப்பாளர் ஆகியிருந்தார்.

"உடனே தைக்காதீங்க தங்கச்சி. முதல்ல எனக்குக் காட்டுங்க" என்பார்.

ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். "இவன் வலப்பக்கம்தான் விழுறான். இடக்கால ஊண்டப் பயம்." பின்வரிசைக்காரனின் ஜேர்சி ஒன்று சுத்தமாக இருந்தது. "இதென்ன, கலியாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போனதா?" ஒரு நாள் தயங்கித் தயங்கி நானும் ஒன்று சொன்னேன். நாலாம் இலக்கத்துக்கு மூன்று கிழமையாகக் கமுக்கட்டில்தான் கிழிகிறது. அவன் ஓடுவதைவிட்டு நடுவரிடம் கை தூக்கிக்கொண்டு நிற்கிறான் போல. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓம் புள்ள, அதான் நடக்குது! இனி எங்கட டீமுக்கு ரெண்டு கோச்!" அந்தப் பெருமையில் அன்று ஒரு ஜேர்சியின் கையை உட்புறம் வெளியாக வைத்துத் தைத்தேன்.

தோற்றே பழகிய அணி. அவர் கையில் வந்து மூன்று வருடம் தொடர்ந்து மாவட்டக் கிண்ணம் எடுத்தது. பொற்காலம் என்கிறார்களே, அது தானாக வந்ததா?

நாலாம் வருட இறுதியாட்டத்துக்கு வருகிறேன். மைதானத்தில் விளக்கு இல்லை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் ஆட்டம் முடிந்தது, அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. அன்று கடல்காற்று பலம். பள்ளிவாசல் தரைப் பக்கம், மைதானம் கடல் பக்கம், நடுவில் எங்கள் தையல் வீடு. எனக்குப் பாங்கு தெளிவாகக் கேட்டது. மெசினிலிருந்து காலை எடுத்தேன், முக்காட்டை இழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் "கோல்!" என்ற கத்தல் வந்தது.

அடித்தவர் ஒன்பதாம் இலக்கம், நவ்பர். நடுவருக்குக் காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிப் பக்கக் கோட்டில் நின்றவர் ஜவாத் காக்கா. அவரிடமே கேட்டார். சொந்த அணிக்கு எதிராக அவர் சொன்னார்: "ஓம். பாங்கு செல்லித்தான் பந்து போனது."

கோல் இல்லை என்றாகிவிட்டது. மறுநாள் பெனால்டியில் தோற்றோம்.

பிறகு ஊர் பேசிய பேச்சு! "ஊர வித்துட்டான்" என்றார்கள். "அவருக்கு மட்டும் காதுக்குள்ள தனிப் பள்ளி இரிக்கி போல" என்று அவர் போகும் வழியில் கேட்கவே சொன்னார்கள். பாங்கு சொன்ன மோதினாருக்குக் கோல் எப்போது விழுந்தது என்று தெரியாது. கோல் பார்த்தவர்களுக்குப் பாங்கு கேட்கவில்லை. இரண்டையும் வரிசையாகக் கேட்டவள் நான். வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அவரை நிறுத்தினார்கள். அவர் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்யப் போனார், அங்குள்ள பொடியன்களைப் பழக்கினார். இரண்டு வருடத்தில் அவர்கள் வந்து எங்களையே தோற்கடித்தார்கள். அதற்கும் அவரைத்தான் ஏசினோம்.

நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முழங்காலை நாற்காலியில் நீட்டியபடி இருந்தார். அழைப்பு வரவில்லையாம். மனதில் கிடந்ததை இத்தனை காலத்துக்குப் பிறகு சொன்னேன்.

"காக்கா, அண்டைக்குப் பாங்கு முந்தினது எனக்கும் கேட்டது."

"தெரியும் தங்கச்சி" என்றார். "பாங்கு கேட்டு மேல பார்த்தன். ஜன்னல்ல நீங்க முக்காட்ட இழுத்துப் போட்டீங்க. அதுக்குப் பொறகுதான் பந்து போனது."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் செல்லல்ல? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"குமர்ப் புள்ளய மைதானத்து நடுவில சாட்சிக்கு இழுக்கவா?"

ஊரே ஏசியபோது என் பெயரை ஒரு இடத்திலும் அவர் எடுக்கவில்லை. அந்த மனிதரைத்தான் படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து நேராக நவ்பரின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். மண்டபக் கமிட்டித் தலைவர் இப்போது அவர்தான். ஆட்கள் நிற்கும்போதே சொன்னேன். பாங்கு முந்தியது, கோல் பிந்தியது, நான் கேட்டேன், நாளைக்கு ஜவாத் காக்காவைக் கூப்பிட்டு மேடையில் இதைச் சொல்லுங்கள் என்றேன்.

"இப்ப என்னத்துக்கு ராத்தா அந்தக் கதை? அதெல்லாம் எழுத்தில இரிக்கா?" என்று சிரித்தார்.

"நாளைக்கு இரிக்கும்" என்றேன்.

திரும்பும் வழியில் மைதானத்தைப் பார்த்தேன். மண்டபம் நிற்கும் இடம் அந்த இடப்பக்கக் கோடு. அவர் ஓடிய இடத்தில் படிக்கட்டு. மிச்சமுள்ள நிலத்தில் பதினொரு பேர் ஆட்டம் ஆட முடியாது. இருந்து பார்க்க மண்டபம் இருக்கிறது, பார்ப்பதற்கு ஆட்டம் இல்லை. தையல் வீடு ஃபோன் கடையாகிவிட்டது, என் ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பள்ளி ஒலிபெருக்கி இப்போது கடல் வரை கேட்கிறது. கேட்கவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை, பாங்கு முந்தியதை மட்டும் ஒரு தாளில் எழுதி நவ்பரின் கடையில் கொடுத்தேன். மாலையில் திறப்பு விழா நடந்தது. ஜவாத் காக்காவின் பெயரை யாரும் சொல்லவில்லை. கூட்டத்தை மஃரிபுக்கு முன்னமே முடித்துவிட்டார்கள்.