குறைத்த காற்று

என் உள்ளங்கை அவர் கன்னத்தில் விழுந்த சத்தம் அந்தக் கண்ணாடி அறை முழுக்கக் கேட்டது. பச்சிளங்குழந்தைகள் பிரிவின் தலைமை நர்ஸ் அவர். எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். அடித்த வேகத்தில் இரும்பு டிராலியில் மோதி விழுந்தார். புருவம் கிழிந்து ரத்தம் தரையில் சொட்டியது.

அப்போது நான் ராணுவத்தில் இருந்தேன். ராஜபாளையத்தில் மனைவிக்கு ஏழாம் மாதமே வலி கண்டுவிட்டது என்று ஃபோன் வந்ததும் ரயிலேறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மகள் பிறந்து இரண்டு நாளாகியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலா உள்ளே குழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் வந்து ஆக்சிஜன் குமிழைத் திருகிக் குறைத்தார். பக்கத்துக் குழந்தைக்காக என் பிள்ளையின் மூச்சைப் பறிக்கிறார் என்று நினைத்தேன். அவரை அடித்து வீழ்த்திவிட்டு, குமிழை நானே முழுக்கத் திறந்தேன்.

எழுந்தவர் ரத்தத்தைத் துடைக்கவில்லை. என் கையைத் தள்ளிவிட்டு முதலில் குமிழைக் குறைத்தார். "காத்து கூடுனாலும் கெடுதல்தான்யா. புள்ளைக்குக் கண்ணு போயிரும்," என்றார். நான் மறுபடி கையை ஓங்கினேன். காவலாளிகள் இருவர் என்னைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். பிறகு போலீஸ் வந்தது.

மூன்றாம் நாள் ஜாமீனில் வந்தபோது டாக்டர் விளக்கினார். இரும்பைத் துரு தின்பதுபோல, அளவு மீறிய ஆக்சிஜன் உடம்பை உள்ளிருந்து அரிக்குமாம். அதைத் தாங்கும் சக்தி கருப்பையில் இருக்கும் கடைசி மாதங்களில்தான் சேரும். என் மகளுக்கு அந்த மாதங்கள் கிடைக்கவில்லை. நுரையீரல், கண், எதுவும் கெட்டுப்போகலாம்.

புருவத்தில் தையலோடு சிஸ்டர் வந்தார். "கேஸை வாபஸ் வாங்க மாட்டேன். கையைக் கழுவிட்டு உள்ள வாங்க."

என்னை மானிட்டர் முன் உட்காரவைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் கூப்பிடச் சொன்னார். அது ஏறும்போதெல்லாம் "குறைங்க சிஸ்டர்" என்று நானே கெஞ்சினேன்.

ஒரு மாதம் கழித்து, மகளின் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்வதாகச் சொல்லி லேசர் சிகிச்சை செய்தார்கள். நான் திறந்துவிட்ட அந்த ஒரு நிமிஷத்தால் வந்ததா என்று கேட்டேன். இருக்காது என்றார் டாக்டர். இன்றுவரை நான் அதை நம்பவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது மகளுக்கு மூன்று வயது. கண் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் சிஸ்டர் தூக்கிவைத்துக்கொண்டதால் அவரிடம் நன்றாக ஒட்டியிருந்தாள். அடித்தாயா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே, நீண்ட வராந்தாவின் மறுகோடியில் என் மனைவியின் கைபிடித்து நின்ற மகள், அவ்வளவு தூரத்திலிருந்தே அவரை அடையாளம் கண்டு கையசைத்தாள். சிஸ்டர் அங்கேயே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.