புருவம் ஏறிய நாள்

காது கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் வைப்பதில் தாட்சண்யமே பார்க்க மாட்டார்கள். வழுக்கை இருந்தால் வழுக்கை, மூக்கு நீண்டிருந்தால் மூக்கு. விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டினால் தீர்ந்தது, சாகும்வரை அதுதான் பெயர். இவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெயர் வைத்தார்கள். ஆள்காட்டி விரலால் இடது புருவத்தை மேலே தள்ளிக் காட்டுவார்கள். புருவக்காரி. சைகையில் பேசும்போது அவள் புருவம் நெற்றி ஏறி முடிக்குள் ஒளிந்துகொள்கிறது என்று கேலி.

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அம்மாவுக்குத்தான் கேட்காது. அம்மாவின் இரண்டு வயதில் வந்த காய்ச்சல், வந்த வேகத்தில் காதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறாள், பொத்தான் நுழைகிற துளையைத் தைக்கிற வேலை, முப்பது வருஷமாக. அப்பா பேச்சில் கெட்டிக்காரர். பேசிப் பேசியே ஒருநாள் வேறொரு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மிஞ்சிய வீட்டில் கையால்தான் பேச்சு. அவளுக்குச் சைகை முதலில் வந்தது, வாய்ப்பேச்சு அப்புறம்தான்.

டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், மின்சார ஆபீசில், எங்கே போனாலும் அம்மாவுக்கு வாய் அவள்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அம்மாவை வரவழைத்து, உங்கள் பெண் கணக்கில் சுத்த மக்கு, வாலும் ஜாஸ்தி என்று பொரிந்து தள்ளியபோது, அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய ஆளும் அவளேதான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம், வேறு வழியில்லை. சைகை தெரியாதவர்கள்தான் கையைப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், கை ஓரக்கண்ணில் தானாக விழுந்துவிடும். சொல்வது கேள்வியா, கிண்டலா, மனசிலிருந்து வருகிறதா என்பதெல்லாம் முகத்தில் இருக்கிறது. அம்மாவிடம் கையால் பொய் சொல்லிவிடலாம், முகத்தால் முடியாது.

இப்போது அவளுக்கு முப்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியும் சலித்துவிட்டது. வாரநாளில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில், போதகருக்கு இடப்பக்கம் நின்று பிரசங்கத்தைச் சைகையில் சொல்வாள். எதிரே இரண்டு பெஞ்சில் அம்மாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். பதினாறு வருஷமாக இப்படித்தான். அவளுக்கு ஜுரம் வந்து படுத்தால் அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு பேரும் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். வேறு ஆள் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து சுகமளிக்கிற பிரசங்கியார் ஒருவர் வந்தார். மைதானம் நிறையக் கூட்டம். அவர் அம்மாவை மேடையேற்றி, இரண்டு காதிலும் விரலைவிட்டு, ஜெபித்து, “கேக்குதா? கேக்குதுன்னு சொல்லுங்க” என்று மைக்கில் அதட்டினார். அதை அம்மாவுக்குச் சொன்னவள் இவள்தான். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். மைதானமே கைதட்டியது. அந்தச் சத்தம் கேட்காமல் அம்மா அசட்டுச் சிரிப்போடு நின்றாள்.

அன்றைக்குப் போன நம்பிக்கைதான். பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது. தேடிப் பார்த்தாள், முழங்காலில் நின்று பார்த்தாள், கிடைக்கவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஞாயிறு தவறாமல் போனாள். கை அச்சுப் பிசகாமல் பிரசங்கம் செய்தது, முகத்தை மட்டும் கட்டிப்போட்டுவிட்டாள். கடையில் நின்று நின்று களைப்பு என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாள். அம்மா நம்பிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

இப்படி இருக்கையில்தான் அந்த விவாதம் வந்தது. சனிக்கிழமை காலை, நகர மண்டபம், ‘கடவுள் இருக்கிறாரா?’ என்று வாசலில் பெரிய பேனர். இருக்கிறார் என்று பேச அவர்கள் சபைப் போதகர். இல்லை என்று பேச நாத்திகர் சங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். காது கேளாதவர்களும் வரட்டும் என்று போதகர் இவளைக் கேட்டுக்கொண்டார். எங்கள் பேச்சையும் ஒழுங்காகச் சொல்வீர்களா என்று வாத்தியார் சந்தேகமாகக் கேட்டார். சைகையில் மொழிபெயர்ப்பவர்களின் விதியை அவள் எடுத்துச் சொன்னாள். பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றுதான் காட்டுவாள், அந்த நேரத்தில் அவள் வேறு யாரும் இல்லை.

மறுத்திருக்க வேண்டும். அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் என்ன சொல்வார்கள் என்று கேட்க அவளுக்குத் தாகமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

போதகர் நன்றாகவே ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய மனிதர், அலட்டல் இல்லை. ஒரு குழந்தையை வதைப்பது தப்பு என்று எல்லாத் தேசத்து மனுஷனுக்கும் தெரிகிறதே, அதை நம் எல்லோருக்குள்ளும் எழுதி வைத்தது யார் என்று கேட்டார். வாத்தியார் எழுந்து, தப்பு என்று எனக்கும்தான் தெரிகிறது, என்னை யாரும் மேலேயிருந்து கண்காணிக்காமலே தெரிகிறது என்றார். இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், இல்லை என்பவனிடம் சாட்சி கேட்காதீர்கள் என்றார். கைதட்டல் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. அவள் கைகள் இரண்டு பேருக்கும் சமமாக உழைத்தன. சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

மூன்றாவது சுற்றில் வாத்தியார் முன்வரிசையில் இருந்த பன்னிரண்டு பேரையும் நோக்கிக் கையை நீட்டினார். அவர்களை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அவர்கள் கதையை யார் யாரோ மேடையேற்றுவது அவர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

“இவங்கள்ல ஒருத்தரை மேடையில ஏத்தி, காது கேக்குதுன்னு சொல்ல வெச்சீங்க. கேக்கலைன்னு உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். இப்ப நான் கேக்கறேன். அந்தப் பொய்ய எடுத்துச் சொன்னவங்களுக்குக் கூசலையா?”

‘நான்’ என்று அவள் நெஞ்சில் விரலை வைத்தாள். அவ்வளவுதான். இரண்டு வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த புருவம் நெற்றி ஏறிவிட்டது. கண் கொட்டவில்லை, கை காற்றை அறைந்தது. வாத்தியார் ஆற அமரப் பேசியதை அவள் கொதிக்கக் கொதிக்கச் சொன்னாள். எதிரே அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் பதில் சொல்ல எழுந்தார். அன்றைக்கு அந்த மேடையில் தானும் இருந்ததாகவும், தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். மனுஷன் செய்த தப்பால் தேவன் இல்லை என்று ஆகிவிடாது என்றார். அதுவும் நியாயமான பேச்சுத்தான். அவள் கை அதையும் சொன்னது. முகம் பழையபடி செத்துக் கிடந்தது.

முடிந்ததும் வாசலில் இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு டீ குடித்தார்கள். பன்னிரண்டு பேரில் ஒருவரான தச்சர், இழைப்பு மெஷினில் கட்டைவிரலைப் பறிகொடுத்ததால் கட்டைவிரல் என்றே பெயர், வந்து அவள் தோளைத் தட்டினார். ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் நன்றாகப் பேசினாய், அதுவும் அந்த ஆளுக்காக என்று காட்டிவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா பையைக் கீழே வைத்துக் கையைக் காலியாக்கிக்கொண்டாள்.

“அது வாத்தியார் பேசினது இல்ல” என்றாள் சைகையில். “நீ பேசினது.”

“நான் ஒண்ணும் கூட்டலம்மா. அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.”

“வார்த்தைய நான் கேக்கல. எப்பலேர்ந்து?”

பொய் சொல்ல அவள் கை எழுந்தது, பாதியில் விழுந்தது. “நீ மேடையில தலையாட்டினியே, அன்னைலேர்ந்து.”

அம்மா விரலால் அவளைச் சுட்டினாள். “உனக்காகத்தான் ஆட்டினேன். அத்தனை பேரும் உன்னைப் பாத்துட்டு நின்னாங்க. நீ தலை குனியக் கூடாதுன்னு ஆட்டினேன்.” பிறகு மெதுவாகக் காட்டினாள். “அந்த ஆளு பொய். ஆண்டவர் பொய் இல்ல. முப்பது வருஷம் அந்த மெஷின் முன்னாடி நான் யார்கிட்ட பேசினேன்னு நினைக்கிற? அவர் ஒருத்தருக்குத்தான் நீ இல்லாமலே என் கை புரிஞ்சுது.”

அவளுக்கு அழுகை முட்டியது. இனிமேல் சபைக்கு வரவில்லை, பொய் முகத்தோடு உன் எதிரே நிற்க முடியாது என்றாள்.

“நீ வரலைன்னா நாங்க பன்னெண்டு பேரும் எங்க போவோம்?” என்றாள் அம்மா.

பஸ் வந்துவிட்டது. உட்கார இடமில்லை. இருவரும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பியைப் பிடித்தால் பேச முடியாது. வீடுவரை அது வசதியாகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் போனாள். போகாமல் எப்படி இருப்பாள்? போதகருக்கு இடப்பக்கம், வழக்கமான இடத்தில் நின்றாள். ஆண்டவர் நம்மை ஒரு நொடியும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று போதகர் ஆரம்பித்தார். அவள் கையைத் தூக்கினாள். பதினொரு பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை. அம்மா, சைகை தெரியாத யாரோ மாதிரி, அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தற்செயல் என்று நினைத்தாள். கையைக் கொஞ்சம் உயர்த்தினாள், கன்னத்துப் பக்கமாகக் கொண்டுபோனாள். கை மேலே போனால் அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், கை இறங்கியதும் மறுபடி பார்த்தாள். நீ நம்புகிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டாம், வார்த்தையை மட்டும் கொடு என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் புருவம் தானாக மேலே ஏறியது. அம்மா, என்னைப் பாரேன் என்று அந்த முகம் கெஞ்சியதைப் பதினொரு பேரும் பார்த்தார்கள். ஆராதனை முடிகிறவரை அம்மா அவள் கழுத்துக்கு மேலே பார்க்கவே இல்லை.