நங்கூரமும் முகமும்

சாய்ந்தமருதில் இன்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியிலிருந்து கோதுமைமாப் பசையின் புளித்த வாசம் எழுந்ததும், கடலோரத்தில் நங்கூரச் சின்னக் கட்சிக்கென்று கட்டிய தென்னங்கிடுகுக் கொட்டிலும், வாப்பாவும் அவர் தம்பியான சாச்சாவும் அடுப்பில் கொதிக்கும் பசையை உடைந்த துடுப்பால் மாறிமாறிக் கிண்டுகிற கறகறப்பும் எனக்குள் திரும்பின.

கட்சித் தலைவர் வேறு கட்சிக்குத் தாவிய அன்று, "நமக்குக் கட்சிதான் காக்கா!" என்று தன் அண்ணனிடம் கத்தியபடி சாச்சா தலைவரின் படத்தைக் கிழித்தார். "அவரில்லாம என்னடா கட்சி?" என்று வாப்பா கொதிக்கும் பசையைச் சாச்சாவின் முகத்தில் ஊற்றினார். கொட்டிலையும் அன்றே தலைவரின் ஆட்கள் எரித்தார்கள்.

அடுத்த தேர்தலில் தலைவர் வெட்கமில்லாமல் நங்கூரத்துக்கே திரும்பினார். அந்தப் பசையால் கண்ணிழந்த சாச்சாவுக்காக வாப்பாதான் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டார்.

"நங்கூரத்துக்குத்தானே போட்ட நீங்க, காக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் சாச்சா.